வெளிநாட்டு உதவியால் ஏழை நாடுகளின் ஆஸ்பத்திரிகள் உருப்படுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025 ஜனவரி 20 அன்று அமெரிக்க அதிபர் ஒரே கையெழுத்தில் வெளிநாட்டு உதவிகளை 90 நாட்களுக்கு நிறுத்திவைத்தார். ஆறு மாதத்துக்குள், அந்த உதவிகளை நடத்திவந்த யுஎஸ்எய்ட் என்ற அமெரிக்க அரசு அமைப்பே இல்லாமல் போனது. அந்தச் செய்தி வந்ததிலிருந்து தெரிந்தவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கின்றன. இத்தனை வருஷம் கொடுத்த பணம் எங்கே போனது? நிறுத்தினால் ஏன் இவ்வளவு கூச்சல்? கொடுத்துக்கொண்டே இருந்தால் அந்த நாடுகள் எப்போது தன் காலில் நிற்கும்? கேள்விகளை ஒரே இடத்தில் வைத்துப் பதில் சொல்லிப் பார்க்கிறேன். சிலவற்றுக்கு நீளமான கதை சொல்ல வேண்டும், சிலவற்றுக்கு நாலு வரி போதும்.

வெளிநாட்டு உதவி என்றால் இலவசப் பணம்தானே?

பாதி சரி. திருப்பித் தர வேண்டாத மானியம் ஒரு வகை. உலக வங்கியும் ஜப்பான் அரசின் உதவி நிறுவனமான ஜைக்காவும் கொடுப்பதில் பெரும்பகுதி கடன். குறைந்த வட்டி, நீண்ட தவணை, ஆனாலும் கடன்தான். மருந்து, தடுப்பூசி, கொசுவலை என்று பொருளாக வருவது இன்னொன்று. நான்காவதாக, ஆட்களை அனுப்புவது: ஆலோசகர், பயிற்சியாளர், டாக்டர். இந்த நான்காவதில் பணத்தின் கணிசமான பகுதி கொடுத்த நாட்டுக்கே சம்பளமாகவும் விமான டிக்கெட்டாகவும் திரும்பிப் போய்விடும்.

பணக்கார நாடுகள் தங்கள் தேசிய வருமானத்தில் 0.7 சதவீதம் உதவியாகக் கொடுக்க வேண்டும் என்று ஐ.நா. 1970-இல் இலக்கு வைத்தது. நார்வே, ஸ்வீடன், டென்மார்க், லக்சம்பர்க் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய நாடுகள்தான் அதைத் தொடர்ந்து தொட்டிருக்கின்றன.

'சுகாதாரக் கட்டமைப்பு' என்கிறீர்களே, ஆஸ்பத்திரிக் கட்டடத்தையா சொல்கிறீர்கள்?

கட்டடம் அதில் ஆகச் சுலபமான பகுதி. ஒரு குழந்தைக்குப் போடும் தடுப்பூசியை எடுத்துக்கொள்ளுங்கள். அது 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும். தொழிற்சாலையிலிருந்து தலைநகரக் கிடங்கு, அங்கிருந்து மாவட்டம், அங்கிருந்து கிராமம் வரைக்கும் அந்தக் குளிர் விட்டுப்போகக் கூடாது. நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஐஎல்ஆர் என்று ஒரு குளிர்பதனப் பெட்டி இருக்கும், மேலே திறக்கிற மாதிரி. அதன் பக்கத்தில் ஒரு தாள் தொங்கும். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை நர்ஸ் தெர்மாமீட்டரைப் பார்த்து எழுத வேண்டும். மருந்துக் குப்பி மேல் சின்ன வட்டம், அதற்குள் ஒரு சதுரம். சூடு பட்டுப்பட்டுச் சதுரம் கறுத்து, வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் குப்பியைத் தூக்கிப் போட வேண்டியதுதான். குளிர் அதிகமானாலும் வம்பு, உறைந்தால் கெட்டுப்போகிற தடுப்பூசிகளும் உண்டு.

இப்போது யோசித்துப் பாருங்கள். அந்தப் பெட்டியை ஒரு வெளிநாடு இலவசமாகக் கொடுத்துவிடலாம். கரண்ட் போனால் ஜெனரேட்டருக்கு டீசல் யார் போடுவது? பெட்டி ரிப்பேரானால் எந்த ஊரிலிருந்து மெக்கானிக் வருவார்? அந்தத் தாளில் எழுதுகிற நர்ஸுக்குச் சம்பளம் யார் தருவது? அவர் எழுதியதை மாவட்டத்தில் யாராவது படிக்கிறார்களா? இந்த நாலு கேள்விக்கும் பதில் இருக்கிற இடத்தில்தான் சுகாதாரக் கட்டமைப்பு இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2007-இல் இதை ஆறு தூண்களாகப் பிரித்தது: சேவை, பணியாளர், தகவல், மருந்துகளும் கருவிகளும், நிதி, நிர்வாகம். ரிப்பன் வெட்டிப் படம் எடுத்துக்கொள்ளத் தோதான தூண் இந்த ஆறில் ஒன்றோ இரண்டோதான். கொடுப்பவர்களின் பணம் அந்தப் பக்கம் சாய்வதற்கு அதுவே பாதிக் காரணம் என்பது என் கணிப்பு.

எய்ட்ஸுக்கு, மலேரியாவுக்கு என்று ஒரே நோய்க்குப் பணம் கொடுப்பது தவறா?

தவறு என்று சொல்லிவிட முடியாது. பெரியம்மையை ஒழித்தது அந்த வழியில்தான். இயற்கையாகப் பரவிய கடைசி நோயாளி 1977-இல் சோமாலியாவில் கண்டுபிடிக்கப்பட்டார், 1980-இல் நோய் ஒழிந்தது என்று அறிவித்தார்கள். 2000-இல் கேவி தடுப்பூசிக் கூட்டமைப்பு, 2002-இல் எய்ட்ஸ், காசநோய், மலேரியாவுக்கான குளோபல் ஃபண்ட், 2003-இல் அமெரிக்காவின் எய்ட்ஸ் திட்டமான பெப்ஃபார் என்று வரிசையாக வந்தன. பெப்ஃபார் மட்டும் இரண்டரைக் கோடி உயிர்களைக் காப்பாற்றியதாக அமெரிக்க அரசு கணக்குச் சொல்கிறது. ஆப்பிரிக்காவில் 2000 வாக்கில் ஊர் ஊராகச் சவப்பெட்டிக் கடைகள் பெருகிய காலத்தை நினைத்தால் அதைச் சின்னதாகப் பேச மனம் வராது.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நோய்க்கென்று வரும் பணம் தனக்கென்று கிடங்கு, தனக்கென்று லாரி, தனக்கென்று பதிவேடு வைத்துக்கொள்ளும். பத்து பேர் பணம் கொடுத்தால் பத்துப் பதிவேடு. ஒரே நர்ஸ் பத்தையும் நிரப்புவார், நோயாளி வரிசையில் நிற்பார். கொடுப்பவர் நடத்தும் திட்டத்தில் சம்பளம் கூட என்பதால் அரசு மருத்துவமனையின் நல்ல ஆட்கள் அங்கே போய்விடுவார்கள். போகாதவர்களையும் மாதத்துக்கு இரண்டு பயிலரங்கு இழுத்துவிடும். பயிலரங்குக்குப் போனால் பேட்டா உண்டு. மாதச் சம்பளத்தோடு ஒப்பிட்டால் அந்தப் பேட்டா பெரிய தொகை. வார்டில் ஆள் இல்லாததற்குச் சோம்பேறித்தனம் காரணமில்லை, கணக்குதான் காரணம்.

இதன் விலை 2014-இல் மேற்கு ஆப்பிரிக்காவில் தெரிந்தது. எபோலா வந்தபோது, 40 லட்சத்துக்கு மேல் மக்கள் இருந்த லைபீரியாவில் டாக்டர்கள் சுமார் 50 பேர். அதற்கு முன்பும் அந்த நாட்டுக்கு உதவி வந்துகொண்டுதான் இருந்தது. கினி, லைபீரியா, சியரா லியோன் மூன்றிலும் சேர்த்து 11,000 பேருக்கு மேல் செத்தார்கள். ஆஸ்பத்திரிகள் மூடிக்கிடந்ததால் பிரசவத்திலும் மலேரியாவிலும் போன உயிர்கள் தனிக் கணக்கு.

அதே 2014 ஜூலையில் அதே எபோலா ஒரு விமானப் பயணியோடு நைஜீரியாவின் லாகோஸில் வந்து இறங்கியது. இரண்டு கோடிப் பேர் நெருக்கியடித்து வாழும் ஊர். என்ன ஆகப்போகிறதோ என்று உலகமே பதறியது. ஆனால் போலியோவை ஒழிப்பதற்காக வெளிநாட்டுப் பணத்தில் உருவாக்கிய அவசரக் கட்டுப்பாட்டு மையமும், வீடு வீடாகப் போய்ப் பழகிய ஆட்களும் நைஜீரிய அரசிடம் தயாராக இருந்தார்கள். அவர்களை அப்படியே எபோலாவுக்குத் திருப்பிவிட்டார்கள். நோயாளிகளோடு தொடர்பிலிருந்த கிட்டத்தட்ட 900 பேரைத் தேடிப் பிடித்துக் கண்காணித்தார்கள். 20 பேருக்கு நோய், 8 சாவு, அக்டோபர் 20-ஆம் தேதி எபோலா இல்லாத நாடு என்ற அறிவிப்பு. போலியோவுக்கு என்று வந்த பணம்தான். அது விட்டுச்சென்ற ஆட்களும் பழக்கமும் அந்த நாட்டின் கையில் இருந்தன என்பதுதான் விஷயம்.

அப்படியானால் ஒரு நோய்க்கு வரும் பணத்தை வைத்தே மொத்தக் கட்டமைப்பையும் தூக்கி நிறுத்த முடியுமா?

முடிந்திருக்கிறது. எனக்குத் தெரிந்து அதைத் திட்டமிட்டே செய்த இரண்டு நாடுகள் எத்தியோப்பியாவும் ருவாண்டாவும்.

எத்தியோப்பியாவில் 2003-இல் சுகாதார விரிவாக்கத் திட்டம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். பத்தாம் வகுப்பு முடித்த உள்ளூர்ப் பெண்களைத் தேர்ந்தெடுத்து, ஒரு வருடப் பயிற்சி கொடுத்து, சுமார் 5,000 பேர் வாழும் பகுதிக்கு இரண்டு பேர் என்று அரசு ஊழியர்களாக நியமித்தார்கள். 30,000-க்கும் மேற்பட்ட பெண்கள். நம் ஊர் நர்சம்மா, அதாவது கிராம சுகாதார செவிலியர் செய்கிற வேலையை நினைத்துக்கொள்ளுங்கள்: தடுப்பூசி, கர்ப்பிணிப் பதிவு, குடும்பக் கட்டுப்பாடு, கழிப்பறை கட்டச் சொல்லி நச்சரிப்பது. இரண்டு அறைக் கட்டடம், சுவரோரம் அலமாரி, அதில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் உறை. அந்த வீட்டில் யார் கர்ப்பம், எந்தக் குழந்தைக்கு ஊசி பாக்கி, கழிப்பறை இருக்கிறதா என்பதெல்லாம் அந்த உறைக்குள் இருக்கும். நோயாளி பேரில் அட்டை போடுவதை விட்டுவிட்டு வீட்டின் பேரில் போட்டது எனக்குப் பிடித்த யோசனை.

இதில் உதவி எங்கே வருகிறது? குளோபல் ஃபண்டும் கேவியும் எய்ட்ஸுக்கும் மலேரியாவுக்கும் தடுப்பூசிக்கும் பணம் தந்தன. அப்போதைய அமைச்சர் டெட்ரோஸ் அதானோம், இன்று உலக சுகாதார நிறுவனத்தின் தலைவராக இருப்பவர், அந்தப் பணத்தில் ஒரு பகுதியை நிலையங்கள் கட்டவும் பயிற்சிக்கும் கருவிக்கும் திருப்பினார். மலேரியா மருந்து கொடுக்கவும் ஆள் வேண்டும், கட்டடம் வேண்டும், அதே ஆளும் அதே கட்டடமும் பிரசவத்துக்கும் உதவட்டுமே என்பது வாதம். சம்பளத்தை மட்டும் அரசே ஏற்றது. நான் இதை ஆக முக்கியமாக நினைக்கிறேன், ஏனென்றால் கொடுப்பவர் போனாலும் அந்தப் பெண் வேலையில் இருப்பார். கொடுப்பவர்களிடம் 'ஒரே திட்டம், ஒரே வரவு செலவு, ஒரே அறிக்கை' என்று நின்றார்கள். எல்லாரும் கேட்டார்கள் என்று சொல்ல முடியாது, பலர் கேட்டார்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் மரண விகிதத்தை 1990-இலிருந்து மூன்றில் இரண்டு பங்கு குறைக்கும் ஐ.நா. இலக்கை, கெடுவுக்கு முன்பே, 2013-இல் தொட்டுவிட்டதாக எத்தியோப்பியா அறிவித்தது.

குறையும் உண்டு. வருடக்கணக்காக அதே நிலையத்தில், பதவி உயர்வும் இடமாற்றமும் இல்லாமல் அந்தப் பெண்கள் சலித்துப்போனார்கள். ஒவ்வொரு புதுத் திட்டத்தையும் 'அவங்க பாத்துப்பாங்க' என்று அவர்கள் தலையிலேயே கட்டினார்கள். இந்தக் கதை நம் நர்சம்மாக்களுக்கும் தெரிந்த கதைதான்.

ருவாண்டா?

அது இன்னும் விசித்திரம். 1994 இனப்படுகொலையில் நூறு நாட்களில் லட்சக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். டாக்டர்களும் நர்ஸுகளும் செத்தோ ஓடியோ போயிருந்தார்கள். உதவி செய்யத் தொண்டு நிறுவனங்கள் கூட்டமாக வந்து இறங்கின. சொல்பேச்சு கேட்காதவர்களைப் புதிய அரசு நாட்டைவிட்டே அனுப்பியது. பிச்சை எடுக்கிற நிலையில் இருப்பவர் பிச்சை போட வந்தவரைத் திருப்பி அனுப்புவாரா என்று கேட்கலாம். அனுப்பினார்கள்.

அப்புறம் ஊர்தோறும் மருத்துவக் காப்பீடு கொண்டுவந்தார்கள். 'முத்துவேல்' (mutuelle) என்பது அதன் பிரெஞ்சுப் பெயர், நம் பக்கத்து ஆள் பெயர் மாதிரி ஒலிக்கும். 1999-இல் சில மாவட்டங்களில் சோதனை, சில வருடங்களில் நாடு முழுக்க. ஆளுக்கு வருடம் 1,000 ருவாண்டா பிராங்க் கட்ட வேண்டும். அதுவும் முடியாத பரம ஏழைகளுக்கு? ஊரார் கூடி உட்கார்ந்து எந்த வீடு எந்த நிலையில் இருக்கிறது என்று வரிசைப்படுத்துகிற வழக்கம் அங்கே உண்டு. அதன்படி ஏழைகளைக் கண்டுபிடித்து, அவர்களுக்கான தவணையைக் குளோபல் ஃபண்ட் கட்டியது. எய்ட்ஸ், காசநோய், மலேரியாவுக்கு என்று பிறந்த நிதியம், ஏழையின் காப்பீட்டுத் தவணையைக் கட்டியது! 2011-இல் வசதிக்கு ஏற்ப 2,000, 3,000, 7,000 என்று தவணையைப் பிரித்தார்கள். அந்தச் சமயத்தில் பத்தில் ஒன்பது பேருக்குக் காப்பீடு இருந்தது.

2012-இல் இன்னொரு பேரம். டாக்டர், நர்ஸுகளைப் பயிற்றுவிக்க அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் ஆசிரியர்களை அனுப்ப வேண்டும். வழக்கமாக இப்படிப்பட்ட திட்டங்களில் பல்கலைக்கழகங்கள் நிர்வாகச் செலவு என்று பெரிய துண்டை எடுத்துக்கொள்ளும். ருவாண்டா 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது என்றது. பணத்தை நேரடியாகத் தன் சுகாதார அமைச்சகம் வழியாகவே வாங்கியது. வேலை கொடுப்பவர் நாங்கள், வேலைக்கு வருபவர் நீங்கள் என்ற தோரணை. அப்போது அமைச்சராக இருந்த குழந்தை மருத்துவர் ஆக்னஸ் பினாக்வாஹோ பேரம் பேசுவதில் லேசுப்பட்டவர் இல்லை.

இதைச் சொல்லும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. அந்த நாட்டில் எதிர்க்கட்சிக்கும் பத்திரிகைக்கும் இடம் மிகக் குறைவு. கட்டளை போட்டால் நடக்கும் என்ற நிர்வாகத்தின் விலை அது. ருவாண்டாவைப் பார்த்து அப்படியே செய்யுங்கள் என்று இன்னொரு நாட்டிடம் சொல்பவர்கள் அந்த விலையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கருவி வாங்கித் தருகிறார்கள், கட்டடம் கட்டித் தருகிறார்கள். சம்பளத்துக்கு மட்டும் ஏன் தருவதில்லை?

சம்பளம் முடிவில்லாத செலவு என்ற பயம்தான். மூன்று வருடத் திட்டத்தில் கட்டடம் முடிந்துவிடும், சம்பளம் முடியாது. இன்னொரு தடை, அரசின் சம்பளச் செலவுக்கு ஐஎம்எஃப், அதாவது சர்வதேச நாணய நிதியம், விதித்த உச்சவரம்பு. இருபது வருடங்களுக்கு முன் கென்யாவில் ஆஸ்பத்திரிகளில் நர்ஸ் பணியிடங்கள் காலியாகக் கிடந்தன, படித்து முடித்த நர்ஸுகள் வேலையில்லாமல் வீட்டில் இருந்தார்கள், இரண்டும் ஒரே நேரத்தில்.

மலாவியில் இந்த வழக்கத்தை உடைத்தார்கள். 2004-இல் அங்கே எய்ட்ஸ் உச்சத்தில் இருந்தது, நர்ஸுகள் இங்கிலாந்துக்கு விமானம் ஏறிக்கொண்டிருந்தார்கள், அரசு நர்ஸ் பணியிடங்களில் பாதிக்கு மேல் காலி. பிரிட்டிஷ் உதவி அமைப்பு முன்வந்து, 11 வகைப் பணியாளர்களுக்கு 52 சதவீதம் கூடுதல் சம்பளம் தர உதவியது. கூடவே பயிற்சிக் கல்லூரிகளை விரிவாக்கினார்கள், ஆட்கள் படித்து வரும்வரை ஓட்டையை அடைக்க வெளிநாட்டு டாக்டர்களைத் தற்காலிகமாக வைத்தார்கள். 2010-க்குள் அந்த 11 வகையிலும் சேர்த்து ஆட்கள் எண்ணிக்கை 53 சதவீதம் கூடியது. சம்பள உயர்வால் ஓட்டம் குறைந்தது, ஆனால் எண்ணிக்கையைக் கூட்டியதில் கல்லூரிகளுக்குத்தான் பெரிய பங்கு. இரண்டில் ஒன்றை மட்டும் செய்திருந்தால் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றிய கதைதான்.

பணத்தை அரசிடம் கொடுத்தால் சுருட்டிவிட மாட்டார்களா?

சுருட்டியிருக்கிறார்கள். 2005-இல் உகாண்டாவில் முறைகேடு என்று குளோபல் ஃபண்ட் தன் மானியங்களை நிறுத்திவைத்தது. அதே மலாவியில் 2013-இல் 'கேஷ்கேட்' ஊழல் வெடித்தது, அரசுக் கணக்கில் நேரடியாகப் பணம் போடுவதை நன்கொடை நாடுகள் விட்டன. ஜாம்பியாவில் இலவசமாகக் கொடுத்த மருந்துகள் தனியார் மருந்துக் கடைகளில் விற்பனைக்கு இருந்ததைக் கண்டுபிடித்து, வருடத்துக்கு 5 கோடி டாலர் மருந்து உதவியை நிறுத்துவதாக 2025 மே மாதம் அமெரிக்கா அறிவித்தது.

சரி, திருட்டு நடந்தால் என்ன செய்வது? வழக்கமான பதில், அரசை ஒதுக்கிவிட்டுத் தொண்டு நிறுவனங்கள் வழியாகவே எல்லாம் செய்வது. பத்து வருடம் கழித்துப் பார்த்தால் தொண்டு நிறுவனத்தின் கிடங்கு பளபளவென்று இருக்கும், அரசின் கிடங்கில் எலி ஓடும். அரசின் மருந்துக் கிடங்குக்குப் பூட்டும் கணினியும் தணிக்கையும் வைப்பதற்குச் செலவழிப்பதே எனக்குச் சரியான உதவியாகப் படுகிறது. மருந்துக் கிடங்கை ஒழுங்காக நடத்த முடியும் என்பதற்கு நம்மிடமே சாட்சி இருக்கிறது. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-இல் தொடங்கப்பட்டது. மாவட்டக் கிடங்குகள், ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் வங்கிப் புத்தகம் மாதிரி ஒரு பாஸ்புக், மாத்திரை அட்டையிலேயே அரசு மருந்து, விற்பனைக்கு அல்ல என்ற அச்சு. அட்டையில் அச்சடிப்பது சின்ன வேலை. ஆனால் பெட்டிக்கடைக்காரர் அதை வாங்கப் பயப்படுவார்.

வேண்டாத கருவிகளை, மிச்ச மருந்தை அனுப்பினால் உதவிதானே?

பெரும்பாலும் குப்பை. போஸ்னியா போரையொட்டி, 1992 முதல் 1996 வரை, பயன்படாத மருந்துகள் மட்டும் 17,000 டன் வந்து சேர்ந்ததாக மதிப்பிட்டார்கள். அதை அழிக்கவே தனிச் செலவு. 2004 சுனாமிக்குப் பிறகு இந்தோனேசியாவின் ஆச்சே பகுதிக்கு 4,000 டன்னுக்கு மேல் மருந்து வந்தது, நிறைய அட்டைகளில் இருந்த மொழி அங்கே யாருக்கும் புரியவில்லை. நாகப்பட்டினம் பக்கம் சாலையோரம் பழைய துணி மலையாகக் குவிந்து கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கருவிகள் கதையும் அதேதான். ஏழை நாடுகளின் ஆஸ்பத்திரிகளில் உள்ள மருத்துவக் கருவிகளில் சுமார் 40 சதவீதம் ஓடாமல் கிடப்பதாக 2011-இல் ஓர் ஆய்வு சொன்னது. பல நேரம் பழுது பெரிதாக இருக்காது. ஃப்யூஸ் போயிருக்கும், பிளக் பொருந்தாது, சர்வீஸ் புத்தகம் ஜெர்மன் மொழியில் இருக்கும். ஸ்கேன் மெஷின் கொடுப்பதைவிட அதை ரிப்பேர் செய்யும் டெக்னீஷியன் பத்துப் பேரைப் படிக்கவைப்பது மலிவு. பெயர்ப்பலகை வைக்க முடியாது என்பதுதான் அதில் குறை.

உதவி வருகிறதே என்று அந்த அரசு தன் பணத்தை வேறு பக்கம் திருப்பிவிடாதா?

திருப்பும். வீட்டில் மாமனார் பள்ளிக்கூட ஃபீஸ் கட்டினால் நாம் அந்தக் காசில் பைக் வாங்குவதில்லையா? 2001-இல் ஆப்பிரிக்கத் தலைவர்கள் நைஜீரியாவின் அபுஜாவில் கூடி, அவரவர் பட்ஜெட்டில் 15 சதவீதத்தைச் சுகாதாரத்துக்கு ஒதுக்குவோம் என்று உறுதி எடுத்தார்கள். அதைக் காப்பாற்றியவர்கள் வெகு சிலர்.

இதற்கு கேவி ஒரு வழி வைத்திருக்கிறது. தடுப்பூசி விலையில் ஒரு சிறு பகுதியை முதலிலிருந்தே அந்த நாடு கட்ட வேண்டும். வருமானம் உயர உயரப் பங்கும் உயரும், ஒரு கட்டத்தில் முழுச் செலவும் நாட்டினுடையது. இலங்கை அப்படித்தான் 2016 முதல் கேவியின் ஆதரவிலிருந்து வெளியே வந்தது. ஆனால் இலங்கையை உதவியால் வளர்ந்த கதை என்று சொன்னால் தப்பு. இலவச மருத்துவமும் ஊருக்கு ஊர் குடும்ப நலத் தாதியும் அந்த நாடு தன் வரிப்பணத்தில் பல பத்தாண்டுகளுக்கு முன்பே போட்ட அடித்தளம். ஜப்பான் கட்டிக்கொடுத்த பேராதனை மருத்துவமனை போன்றவை அதன் மேல் வந்து உட்கார்ந்தன, அதனால் நிலைத்தன. அப்படிப்பட்ட நாடும் 2022-இல் டாலர் இல்லாமல் மருந்துக்குத் தவித்தது. அந்த மே மாதம் சென்னையிலிருந்து அரிசி, பால் பவுடர், மருந்தோடு கப்பல் போனது.

தமிழ்நாட்டுக்கு வந்த உதவி எப்படிப் பயன்பட்டது?

ஒரு நல்ல உதாரணம், உலக வங்கிக் கடனில் 2005-இல் தொடங்கிய தமிழ்நாடு சுகாதாரத் திட்டம். பிரசவ அவசரத்துக்கு இரவு பகலாக இயங்கும் 'சீமாங்' மையங்கள், 108 ஆம்புலன்ஸ் ஆகியவற்றுக்கு அதில் பங்கு உண்டு. எனக்குப் பிடித்தது அதைவிடச் சின்ன விஷயம். சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களில் ரத்த அழுத்தத்துக்கும், தேனி, தஞ்சாவூரில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கும் சோதனை முறையில் பரிசோதனை நடத்திப் பார்த்தார்கள். என்ன சரிப்பட்டது, எங்கே இடித்தது என்று பார்த்துவிட்டு மாநிலம் முழுக்கக் கொண்டுபோனார்கள். 2015-இல் திட்டம் முடிந்தது, வேலை முடியவில்லை. 2021-இல் வந்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் பிபி மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தபோது, அது புது நிலத்தில் போட்ட விதை இல்லை.

எய்ட்ஸ் விஷயத்திலும் அப்படி. நாட்டின் முதல் எச்ஐவி தொற்று 1986-இல் சென்னையில்தான் கண்டறியப்பட்டது. 1995 முதல் யுஎஸ்எய்ட் பணத்தில் சென்னை விஎச்எஸ் மருத்துவமனை நடத்திய திட்டம் லாரி ஓட்டுநர்களிடமும் பாலியல் தொழிலாளர்களிடமும் வேலை செய்தது. மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் அதற்கு முந்தைய வருடமே அரசுப் பக்கம் உருவாகியிருந்தது, அதனால் இரண்டும் கைகோக்க முடிந்தது.

எல்லாம் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போனது என்று நினைக்க வேண்டாம். 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டி, ஜைக்கா கடனுக்குக் காத்திருந்து தாமதமான தோப்பூர் எய்ம்ஸ் ஆஸ்பத்திரியின் கதையை மதுரைக்காரர்களுக்கு நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

2025-இல் அமெரிக்கா நிறுத்தியதால் என்ன தெரிந்தது?

யார் எதைத் தன் கணக்கில் வைத்திருந்தார்கள் என்பது வெட்டவெளிச்சமானது. மார்ச் மாதம் யுஎஸ்எய்ட் திட்டங்களில் 83 சதவீதம் ரத்து என்று வெளியுறவு அமைச்சர் அறிவித்தார், ஜூலை 1-இல் அமைப்பு மூடப்பட்டது. தென்னாப்பிரிக்கா எச்ஐவி மாத்திரையைப் பெரும்பாலும் தன் பணத்தில்தான் வாங்குகிறது, பெப்ஃபாரின் பங்கு மொத்தச் செலவில் அப்போது 17 சதவீதம் வாக்கில் இருந்தது. அதனால் மாத்திரை நிற்கவில்லை. ஆனால் மாத்திரையை நிறுத்திவிட்டவரை வீடு தேடிப்போய்க் கூட்டிவருகிற ஆட்கள் பெப்ஃபார் சம்பளத்தில் இருந்தார்கள். ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை போனது. மருந்து அலமாரியில் இருக்கிறது, கூப்பிட ஆளில்லை.

நைஜீரிய நாடாளுமன்றம் அவசரமாகத் தன் சுகாதார பட்ஜெட்டில் 20 கோடி டாலர் கூட்டியது. பல நாடுகளில் அதுவும் முடியவில்லை. யாரும் அதிகம் பேசாத இழப்பு ஒன்றும் உண்டு: 1984 முதல் அமெரிக்கப் பணத்தில் நடந்துவந்த மக்கள்தொகை, சுகாதார ஆய்வுகள் நின்றுபோயின. எத்தனை குழந்தைகளுக்கு ஊசி போட்டார்கள், எத்தனை பெண்களுக்கு ரத்தசோகை என்பது பல நாடுகளுக்கு அந்த ஆய்வு வழியாகத்தான் தெரியும். நம் தேசியக் குடும்ப நல ஆய்வும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

பிறகு செப்டம்பரில் அமெரிக்கா புதுக் கொள்கை வெளியிட்டது: தொண்டு நிறுவனங்களைக் குறைத்து, அரசோடு அரசு நேரடியாக ஒப்பந்தம். அரசின் வழியாகக் கொடு என்று இருபது வருடமாகக் கத்தியவர்களுக்குக் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. முன்னேற்பாடு இல்லாமல் ஆட்களை முதலில் வீட்டுக்கு அனுப்பிவிட்டு அப்புறம் அதைச் செய்வதுதான் எனக்கு ஒட்டவில்லை.

ஒரு உதவித் திட்டம் உருப்படியானதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

திறப்பு விழாப் படத்தைப் பார்க்காதீர்கள். திட்டம் முடிந்தபின், ஆறாவது வருடம் டீசலுக்குப் பணம் எந்தத் தலைப்பில் வருகிறது என்று கேளுங்கள். நர்ஸின் சம்பளச் சீட்டில் யார் பெயர் இருக்கிறது என்று கேளுங்கள். மருந்து அரசின் லாரியில் வருகிறதா, தனி லாரியிலா? அப்புறம் அந்த நிலையத்துக்குப் போக வாய்ப்பு கிடைத்தால், மேஜை மேல் எத்தனை பதிவேடு கிடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

தனி ஆளாக நான் பணம் அனுப்ப நினைத்தால்?

பணமாகவே அனுப்புங்கள், பொருளாக வேண்டாம். வாங்குகிற அமைப்பு அந்த நாட்டின் அரசு ஆஸ்பத்திரிகளோடு சேர்ந்து வேலை செய்கிறதா, பக்கத்தில் தனிக்கடை போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இன்னதற்கு மட்டும்தான் செலவழிக்க வேண்டும் என்று நிபந்தனை போடாதீர்கள். நீங்கள் கொடுத்ததில் யாரோ ஒருவர் ஐஎல்ஆருக்கு ஸ்டெபிலைசர் வாங்கியிருக்கலாம். அதற்குப் புகைப்படம் வராது.